வட்டிலைச் சுருக்காமல் சோற்றைக் குறைப்பது

உணவின் அளவைக் குறைக்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது ஒன்றுதான். நாலு கரண்டிச் சோற்றை இரண்டாக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பழையபடியே வைத்துக்கொள்கிறார்கள். மதியம் எப்படியோ ஓடிவிடும். நாலு மணிக்கு டீக்கடையில் இரண்டு வடை உள்ளே போகும். இரவில், "மதியம் ஒன்றுமே சாப்பிடவில்லையே" என்ற நியாயத்தோடு பரோட்டாக் கடை பெஞ்சில் இடம் பிடித்தாகிவிடும். ஒரு வாரம் இப்படிப் போனதும், "நமக்கு இது சரிப்பட்டு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதில் மனவுறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. வட்டில் பாதி காலியாக இருந்தால் வயிறும் பாதி காலியாகத்தான் இருக்கும்.

நெல்லைப் பக்கத்து வீடுகளில் சோறுதான் சாப்பாடு. கூட வருவதெல்லாம் வெஞ்சனம். இந்த முறையைத் தலைகீழாக்குவதுதான் இங்கே சொல்லப்போகும் வழி. வெஞ்சனம் சாப்பாடாக வேண்டும், சோறு அதற்குத் துணையாக வேண்டும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஓட்ஸ், கினோவா, புரதப் பொடி எல்லாம் இல்லாமலே காரியம் நடக்கும்.

வயிறு எதைக் கணக்கில் எடுக்கிறது?

இரைப்பையின் சுவர் விரியும்போது, அங்குள்ள நரம்புகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உள்ளே வந்தது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் அந்த நரம்புகளுக்குத் தெரியும். அதில் எத்தனை கலோரி என்பது தெரியாது. உணவு சிறுகுடலுக்கு இறங்கியபின் சில ஹார்மோன்கள் சுரந்து, "போதும்" என்ற இரண்டாவது செய்தியை அனுப்புகின்றன. எடை குறைக்க இன்று பலர் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து, அவற்றில் ஒன்றான ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செயல்படுவதுதான். இந்த இரண்டாவது செய்தி வந்துசேர ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும்.

எடை ஒன்றாக இருந்தாலும் கலோரி எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி இருக்கிறது. அதே எடைத் தடியங்காயிலோ (வெண்பூசணி) சுரைக்காயிலோ 15 அளவுதான். தேங்காயில் 350. எண்ணெயோ ஒரு மேசைக்கரண்டியிலேயே 120 கலோரியைக் கொண்டுவந்துவிடும். அதனால் ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கரண்டித் தடியங்காய்க் கூட்டு வைத்தால், வட்டில் முன்னைவிட நிறைந்திருக்கும்; கலோரி குறைந்திருக்கும். அந்தக் கூட்டில் தேங்காயை வாரி இறைக்காதவரை, என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 38 உணவுகளைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றையும் 240 கலோரி வரும்படி அளந்து கொடுத்து, அடுத்த 2 மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு பார்த்ததில் முதலிடம் பெற்றது அவித்த உருளைக்கிழங்கு: 323. வெள்ளைச் சோறு 138. வெண்ணெய் அடுக்கிச் சுடும் குரோசான் 47 பெற்றுக் கடைசியில் நின்றது. கிழங்கு என்றாலே பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசிக்கலாம். ஆனால் முதலிடம் அவித்த கிழங்குக்குத்தான். எண்ணெயில் பொரித்த சீவலுக்கு அல்ல. அவித்த கிழங்கையும் சோற்றுக்குப் பதிலாக வைக்க வேண்டும், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அல்ல.

தொடங்கும் முன்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் தாமாகச் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலும் உணவு புதிய அளவிலும் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். மருத்துவரிடம் முதலில் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயறும் கீரையும் கிழங்கும் எவ்வளவு ஆகும் என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், எடை தானாகக் குறைந்துகொண்டிருக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. நாள் முழுவதும் நாற்று நடுகிறவருக்கும் எழுதப்படவில்லை. மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறவர், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், கணினி முன்னால் பகலைக் கழிப்பவர் ஆகியோருக்கே இது.

முதல் படி: ஒரு வாரம் அளந்து பார்ப்பது

இந்த வாரம் எதையும் குறைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் 200 மில்லி டம்ளர் ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். சோற்றை அதில் தலைதட்டி அளந்து வட்டிலில் போடுங்கள். ஒரு டம்ளரில் ஏறத்தாழ 130 முதல் 150 கிராம் சோறு பிடிக்கும். குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று தனித்தனியாகப் போடுகிற சோற்றையும் எண்ண வேண்டும். "ரெண்டு கரண்டிதான் சாப்பிடுகிறேன்" என்கிறவர்கள் பலருக்கு இந்த வாரம் அதிர்ச்சியாக இருக்கும். மோருக்குப் போடும் சோறு பெரும்பாலும் நினைவிலேயே நிற்பதில்லை.

எண்ணெயையும் ஒரு வாரம் கவனியுங்கள். மாதத் தொடக்கத்தில் வாங்கும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் கூட்டி, வீட்டில் உள்ள ஆட்களாலும் 30 நாட்களாலும் வகுத்தால் போதும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உண்கிற ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சமையல் எண்ணெய், கொழுப்பு 27 கிராம் என்கிறது. அதே பட்டியலில் காய்கறி 400 கிராம், தானியம் சமைக்கும் முன் எடையில் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம். நம் வீடுகளில் தானியமும் காய்கறியும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் படி: முதலில் கூட்டுவது, பிறகு குறைப்பது

இரண்டாம் வாரமும் சோற்றில் கைவைக்காதீர்கள். காய்கறியை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். இதைத் தாண்டிவிட்டு நேராகச் சோற்றைக் குறைக்கப் போகிறவர்கள்தான் மேலே சொன்ன வடையில் போய் விழுகிறார்கள்.

காய்கறிக்கு இந்தச் சீமையில் பஞ்சம் கிடையாது. டவுனில் நயினார்குளம் மார்க்கெட், பாளையங்கோட்டைப் பக்கம் மகாராஜநகர் உழவர் சந்தை, மேற்கே பாவூர்சத்திரம் சந்தை என்று எந்தத் திசையிலும் வாங்கலாம். அதிக இடத்தை அடைத்து, குறைந்த கலோரி தருபவற்றை முதலில் பையில் போடுங்கள்: தடியங்காய், சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, சீனியவரை (கொத்தவரங்காய்), கீரை. இவற்றில் வாழைத்தண்டும் சீனியவரையும் முருங்கைக்காயும் வாயில் வேலை வைப்பவை. மென்று தீர்க்காமல் விழுங்க முடியாது என்பதாலேயே சாப்பாடு தானாக மெதுவாகிவிடுகிறது. முருங்கைக்காயைச் சாப்பிட்டுக்கொண்டே அவசரமாக எழுந்து போனவர் யாருமில்லை.

துவட்டலுக்கு (பொரியலுக்கு) எண்ணெய் தாளிக்க மட்டும் போதும். காயை மூடி வைத்து, தண்ணீர் தெளித்து வேகவிட்டு, கடைசியில் தேங்காய்ப் பூவை ஒரு கைப்பிடி தூவினால் வாசம் முழுவதும் மேலேயே நிற்கும். தொடக்கத்திலேயே கொட்டினால் தேங்காய் அதிகம் செலவாகும், வாசமும் குறையும். கீரையைப் பருப்போடு கடைந்தால் புரதமும் கூடவே வந்துவிடும்.

காய்கறியையும் பயறையும் ஒரே நாளில் மூன்று மடங்காக்கினால் வயிறு ஊதும். அதனால்தான் ஒரு வாரம் பொறுத்துக் கூட்டச் சொல்கிறேன். தண்ணீரும் கூடவே அதிகம் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நார்ச்சத்தே மலச்சிக்கலாக முடியும்.

மூன்றாம் படி: கால் பங்கு குறைப்பது

இப்போதுதான் சோறு. பாதியாக்க வேண்டாம், கால் பங்கு குறையுங்கள். நாலு டம்ளர் போட்டவர் மூன்று போடட்டும். இரண்டு வாரம் பழகியபின் அடுத்த கால் பங்கைப் பார்க்கலாம். பலருக்கு இரண்டாவது குறைப்பு தேவைப்படுவதே இல்லை.

சிறிய தட்டில் சாப்பிட்டால் கண் ஏமாந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். இதைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தட்டின் அளவை மாற்றியும் சாப்பிட்ட அளவு மாறவில்லை என்று கண்ட ஆய்வுகளும் உண்டு. வட்டில் பழையதே இருக்கட்டும். அதில் யார் எவ்வளவு இடம் பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள். முதலில் பாதி வட்டிலைக் காய்கறியால் நிரப்பிவிட்டு, பிறகு சோற்றுப் பானையைத் திறப்பது நல்ல பழக்கம்.

பரிமாறி முடித்ததும் சோற்றுப் பானையைச் சமையலறைக்கு அனுப்பிவிட வேண்டும். வெஞ்சனப் பாத்திரங்கள் பக்கத்திலேயே இருக்கலாம். கை தானாக நீளும்போது அகப்படுவது அவியலாக இருக்கட்டும்.

கூட்டாஞ்சோற்றைத் திருப்பிப் போடுவது

எல்லாப் படிகளையும் ஒரே பானையில் செய்துவிட ஒரு சமையல் இருக்கிறது என்றால் அது கூட்டாஞ்சோறுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் 1999-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கோழியும் அரிசியும் காயும் சேர்ந்த ஒரு பதார்த்தத்தைச் சிலருக்கு அப்படியே கொடுத்தார். இன்னொரு நாள் அதே பதார்த்தத்தோடு ஒரு கிளாஸ் தண்ணீர். வேறொரு நாள் அதே தண்ணீரை அதிலேயே ஊற்றிச் சூப்பாக்கிக் கொடுத்தார். சூப்பாகக் குடித்த நாளில்தான் அடுத்து வந்த சாப்பாட்டில் குறைவாகச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் கிளாஸில் இருந்த தண்ணீர் அந்த வேலையைச் செய்யவில்லை. உணவோடு கலந்த தண்ணீர் இரைப்பையில் நிற்கிறது. தனியாகக் குடித்தது சீக்கிரம் இறங்கிவிடுகிறது. குழைய வேகவைத்த கூட்டாஞ்சோற்றில் அரிசி, பருப்பு, காய் எல்லாமே தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் வட்டிலுக்கு வருகின்றன.

வழக்கமான கூட்டாஞ்சோற்றில் அரிசி இரண்டு பங்கு, துவரம்பருப்பு அரைப் பங்கு, காய் இரண்டு பங்கு என்று இருக்கும். அதை மாற்றி நாலு பேருக்கு இப்படிச் செய்து பாருங்கள். அரிசி ஒரு டம்ளர். அம்பை 16 போன்ற குண்டு அரிசியாக இருந்தால் குழைவு நன்றாக வரும். துவரம்பருப்பு முக்கால் டம்ளர். நறுக்கிய காய் ஐந்து டம்ளர்: கத்தரிக்காய், வாழைக்காய், சீனியவரை, முருங்கைக்காய், கேரட், கிடைக்கும் காலத்தில் ஒரு துண்டு மாங்காய். ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி.

அரிசியையும் பருப்பையும் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவிட்டு, காயைச் சேருங்கள். கொஞ்சம் தேங்காய், சீரகம், மிளகாய் வத்தல், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), மஞ்சள் வைத்து அரைத்த விழுதையும், நெல்லிக்காய் அளவு புளிக்கரைசலையும் ஊற்றி, காய் வெந்ததும் கீரையைப் போட்டு இறக்க வேண்டும். மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கடுகும் வடகமும் தாளித்துக் கொட்டுங்கள். வடகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு கைப்பிடி வடகம் கூட்டும் கலோரி கொஞ்சம்தான். அது இல்லாமல் செய்தால் வீட்டில் யாரும் மறுமுறை கேட்க மாட்டார்கள், உங்கள் முயற்சியும் அன்றோடு முடியும்.

உளுந்தஞ்சோற்றிலும் இதே வேலையைச் செய்யலாம். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து என்று போடுகிற இடத்தில், ஒன்றரைக்கு ஒன்று போடுங்கள். தொலியை நீக்காத உளுந்து என்பதால் நாரும் அப்படியே கிடைக்கும். தொட்டுக்கொள்ள வைக்கும் எள்ளுத் துவையலில் எண்ணெய்ச் சத்து அதிகம். ஒரு கரண்டி போதும், அவியலை மூன்று கரண்டி வைத்துக்கொள்ளலாம். அவியலுக்குத் தேங்காயைக் குறைத்துத் தயிரைக் கூட்டினால் சுவை கெடாது.

நான்காம் படி: வேளைக்கு ஒரு பயறு அல்லது மீன் அல்லது முட்டை

காய்கறி வயிற்றை நிறைக்கும். அதை நாலு மணி நேரம் தாங்கவைப்பது புரதம். வயதுவந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய அளவுகோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம். இட்லி, சோறு, தோசை என்று மூன்று வேளையும் அரிசியையே சுற்றி வந்தால் இதை எட்டுவது கடினம்.

காலையில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. ஐந்து இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டவருக்குப் பதினொரு மணிக்கே பசிக்கும். மூன்று இட்லி, ஒரு கிண்ணம் காய் மிதக்கும் இடிசாம்பார், ஒரு அவித்த முட்டை அல்லது அரைக் கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டல் என்று மாற்றிப் பாருங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். 50 கிராம் பயறை ஊறவைத்து அவித்தால் 11 கிராம் அளவுக்குக் கிடைக்கும். காணத்துவையல் (கொள்ளுத் துவையல்) நம் ஊர்ச் சொத்து. காணத்தை வறுத்து, வத்தல், புளி, பூண்டு வைத்து அரைத்தால் இட்லிக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும். தேங்காய்ச் சட்னி இருந்த இடத்தில் இது உட்கார்ந்தால் பாதிக் காரியம் முடிந்தது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைக் கரைகளிலிருந்து வரும் சாளையும் அயிலையும் விலை மலிந்த மீன்கள். குழம்பாக வைத்தால் போதும். பொரிக்கும்போது மீன் எண்ணெயைக் குடிக்கிறது.

ஐந்தாம் படி: எதை முதலில், எவ்வளவு மெதுவாக

சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் ரசமோ முருங்கைக்கீரைச் சாறோ குடியுங்கள். ரோல்ஸின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தவர்கள், சூப்பின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டாலே அந்த வேளையில் 20 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். 2009-இல் ஆப்பிளை வைத்துப் பார்த்தபோது, முழுப் பழமாகக் கடித்துச் சாப்பிட்டவர்கள் 15 சதவீதம் குறைத்தார்கள்; சாறாகக் குடித்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. நம் ஊரில் ஆப்பிளைத் தேட வேண்டாம், கொய்யாவோ வெள்ளரியோ போதும். சாறு பிழிந்து குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அதற்கடுத்துத் துவட்டல், கூட்டு, பயறு, மீன். சோறு கடைசியில். நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகள் சிலரை வைத்து 2015-இல் செய்த சிறிய ஆய்வொன்றில், காய்கறியும் புரதமும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது, அதே உணவுக்கு ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. சோறில்லாமல் துவட்டலை வெறுமனே சாப்பிடுவது முதல் நாலைந்து நாள் விநோதமாகத்தான் இருக்கும். உப்பையும் காரத்தையும் கொஞ்சம் குறைத்துச் சமைத்தால் பழகிவிடும். சோற்றோடு பிசைவதற்கென்று போடுகிற உப்பு, வெறுமனே சாப்பிடும்போது கரிக்கும்.

"போதும்" என்ற இரண்டாவது செய்தி வர ஆகும் அந்த 20 நிமிடத்தைக் கடிகாரம் வைத்து ஒருமுறை பாருங்கள். மதியச் சாப்பாட்டை ஏழெட்டு நிமிடத்தில் முடிக்கிறவர்கள் நிறையப் பேர். முதல் பரிமாறலுக்குப் பிறகு பேசிக்கொண்டே ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, பிறகும் வேண்டியிருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

நல்லது என்று நம்பி ஏமாறுபவை

கருப்பட்டி: சீனியைவிட வாசம் உண்டு, கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ஆனால் பெரும்பகுதி சர்க்கரைதான். நாளைக்கு நாலு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுச் சோற்றைக் குறைப்பதில் பொருளில்லை. பதநீரும் அப்படியே, இனிப்பாக இருப்பது சர்க்கரையால்தான். நுங்கு வேறு வகை. அதில் பெரும்பகுதி தண்ணீர், வெயில் காலத்துச் சாயங்காலப் பசிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. சர்பத்தில் போட்டுக் கேட்காதவரை.

பழைய சோறும் கம்பங்கூழும் தண்ணீரைச் சுமந்து வருவதால் வயிற்றை நிறைக்கும். ஆனால் கூழை மடமடவென்று குடித்துவிட்டால் பலன் பாதிதான். கரைப்பதைக் கட்டியாக வைத்து, சின்ன உள்ளியைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் வடகமும் பொரித்து அடுக்கினால் கூழின் சிக்கனம் எண்ணெயில் கரைந்துவிடும். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைச் சுட்டுத் தின்னலாம்; பொரித்தால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

நாலு மணிக்கும் இரவுக்கும்

சாயங்காலப் பசியோடு போராடுவது வீண். மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் ஏழெட்டு மணி நேரம் இருக்கிறது, பசிக்கத்தான் செய்யும். கடைக்குப் போகும்முன் கையில் ஏதாவது இருக்க வேண்டும்: சுண்டல், அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, கொய்யா, தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் பனங்கிழங்கு, சிறுகிழங்கு. பனங்கிழங்கை நார் உரித்து மென்று முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். டீயைச் சீனி குறைத்துக் கேளுங்கள். வடை வேண்டுமென்றால் ஒன்று.

இரவில் பரோட்டாவை அறவே விடச் சொன்னால் இந்த ஊரில் யார் கேட்பார்கள்? போகிற நாளில் இரண்டோடு நிறுத்திக்கொண்டு, ஒரு ஆம்லெட்டும் வெங்காயமும் சேர்த்துக் கேளுங்கள். சால்னாவைக் குளமாக ஊற்றாமல் தொட்டுக்கொள்ளுங்கள். மேலே மிதக்கும் எண்ணெய் முழுவதும் அதில்தான். பொரித்த பரோட்டா மாதம் ஒருமுறை என்று இருக்கட்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும் என்பதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு வரை விழித்திருப்பவர்களுக்கு எந்தப் படியும் சரியாக வேலை செய்யாது.

விருந்து வீட்டில்

"போதும்" என்ற சொல்லை நம் பக்கத்து ஆச்சிகளும் மதினிகளும் காதில் வாங்குவதில்லை. மறுத்தால் மனவருத்தம், மறுக்காவிட்டால் இலையில் இன்னொரு குவியல். இதற்கு வழி, கேட்கும் முன்னால் நீங்களே கேட்பதுதான். "மதினி, அவியல் இன்னும் ஒரு கரண்டி வையுங்கள்", "ஆச்சி, இந்த வாழைப்பூத் துவட்டல் யார் வைத்தது? இன்னும் இருக்கிறதா?" பரிமாறுகிறவருக்கு வேண்டியது நீங்கள் எதையாவது விரும்பிக் கேட்பது. அது சோறாக இருக்க வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிப்பதில்லை.

மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு மட்டும் தனி வழக்கு. சொதி பார்க்க நீர்க்க இருந்தாலும் தேங்காய்ப் பாலின் கொழுப்பு உள்ளே இருக்கிறது. அதோடு உருளைக்கிழங்குச் சீவலும் சேர்கிறது. வீட்டில் வைக்கும்போது முதல் பாலைப் பாதியாகக் குறைத்து, இரண்டாம், மூன்றாம் பாலில் பாசிப்பருப்பைக் கொஞ்சம் கூடுதலாக வேகவிட்டால், கெட்டித்தன்மையும் வரும், புரதமும் கூடும். காயைத் தாராளமாகப் போடுங்கள். எலுமிச்சம்பழம் பிழிவது அடுப்பை அணைத்த பிறகு. விருந்து வீட்டில் அகப்பை உங்கள் கையில் இல்லை. அங்கே சொதியில் கிடக்கும் காயை முதலில் சாப்பிட்டுவிட்டு, இஞ்சிப் பச்சடியைத் தாராளமாக வைத்துக்கொண்டு, சோற்றை ஒருமுறையோடு நிறுத்தப் பாருங்கள். முடியாமல் போனால் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வாருங்கள். வருடத்தில் நாலைந்து நாள் வரும் விருந்தால் கணக்கு மாறிவிடாது. மிச்ச நாட்களில் உங்கள் வீட்டு வட்டிலில் என்ன இருக்கிறது என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது.

அல்வாவைப் பொறுத்தவரை, சம்பா கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் சேர்ந்த பண்டத்தில் குறைக்க வழியே கிடையாது, மாற்றுச் செய்முறையும் தேட வேண்டாம். 50 கிராம் வாங்கி, இருவர் பங்கிட்டு, சூடாக இருக்கும்போதே தின்றுவிடுங்கள். கால் கிலோ வாங்கி வீட்டில் வைத்தால் அது ராத்திரியில் கூப்பிடும்.